பழைய பிராசசரும் மலைமேல் ஓடுதளமும்

எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் தலையைக் குனிந்துதான் வர வேண்டும். கடல் உள்ளே வர வர நாங்களும் தரையை உயர்த்திக்கொண்டே போனோம். கதவு நிலை மட்டும் கட்டினபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜன்னல் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, கூரையைக் கை நீட்டித் தொடலாம். ஜாவாவில், செமாராங் நகரத்தின் வடக்கு ஓரத்தில், கெமிஜென் பக்கம், எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். எங்கள் தெருக்காரர்களை வெளியூரில் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு உயரமான வாசலாக இருந்தாலும் நுழையும்போது ஒரு தடவை தலையைத் தாழ்த்துவார்கள்.

பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வரும். ரோப் என்போம். மழை மாதிரி ஆர்ப்பாட்டம் எல்லாம் கிடையாது, கதவிடுக்கில் பூனை நுழைகிற மாதிரி நுழையும். கொஞ்ச நேரத்தில் நடுவீட்டில் கணுக்கால் அளவு கடல் நிற்கும். ஜன்னல் வெயில் அதில் பட்டுக் கூரையெல்லாம் நெளியும். அந்த நெளிகிற வெளிச்சத்துக்குக் கீழே, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் தர்முஜி ஆகாயத்தில் பறந்துகொண்டிருப்பார்.

கம்ப்யூட்டரில்தான். விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வயது முழுக்க உயரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துப் பழகின மனுஷனுக்கு, தரையில் உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. கிரேனிலிருந்து அவரை இறக்கியது கண்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வருகிறது.

"எப்படித் தெரியுது மாஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பப்பாளி இலைக் காம்புக் குழாய் வழியாப் பாக்குற மாதிரி. உன் மூக்கு தெரியுது, காது தெரியல."

"காது தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? கம்மல் வாங்கித் தரப் போறீங்களா?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். அந்தக் குழாயும் சீக்கிரமே அடைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அவர் என்னை திக் என்பார், நான் அவரை மாஸ் என்பேன். தங்கச்சி, அண்ணன் என்று அர்த்தம். ஜாவாவில் புருஷன் பெண்டாட்டி இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு சண்டை போடுவோம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. எங்கள் மகள் விகாதி நாட்டின் கிழக்குக் கோடியில், பப்புவா மலையில், ஓகெலிம் என்கிற ஊரில் வாத்தியார். அங்கே போக ரோடு கிடையாது, ஆறேழு பேர் உட்காருகிற குட்டி விமானம்தான். மேகம் விட்டால் போகும், விடாவிட்டால் நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இவருக்கோ நெஞ்சில் அடைப்பு, விமானமே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "எம்பொண்ணு இருக்குற வாசலக் கண்ணு இருக்கையிலயே ஒரு தடவ பாத்துடணும் திக்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பள்ளத்தாக்கை அப்படியே அந்த விமான விளையாட்டுக்குள் வரைந்து இலவசமாகக் கொடுத்திருந்தான். ஆறு, காடு, சரிவான ஓடுதளம், அதன் மேல்முனையில் விகாதி தங்கியிருக்கிற நீலத் தகரக் கூரை வீடு எல்லாம் இருந்தது.

சிக்கல் எங்கள் கம்ப்யூட்டர்தான். ஒரு காலத்தில் இதே வீட்டில் நான் வார்நெட் நடத்தினேன், தெருப் பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இணையம் பார்க்கிற கடை. அதில் கடல் குடிக்காமல் விட்டது இந்த ஒன்று. நாலு கோர் பிராசசர், அந்தக் காலத்தில் ராஜா. இந்தப் பள்ளத்தாக்கை வரைய அதற்கு மூச்சு வாங்கியது. சமவெளியில் ஒழுங்காகப் பறக்கும். ஆறு வளைந்து மலைக்குள் திரும்புகிற இடத்தில் படம் உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது விமானம் பாறைக்குள் இருக்கும்.

நல்ல கண் உள்ளவர்கள் அதைச் சமாளித்துவிடலாம். இவருக்கு உயரமானியைப் பார்க்க ஒரு தடவை தலையைத் திருப்ப வேண்டும், ஆற்றைப் பார்க்க இன்னொரு தடவை. ஒரு நொடி படம் நின்றாலும் எங்கே இருக்கிறோம் என்பதே தொலைந்துவிடும். பாறையில் மோதி மோதிக் கடைசியில் ஒரு நாள் ஜாய்ஸ்டிக் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து போய், ஜன்னலோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல், கடல் மேல், அந்த மண்டு பிராசசர் மேல். முதல் இரண்டையும் நான் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதை முடியும்.

புது மெஷின் வாங்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் சொட்டு மருந்தின் விலையைக் கேட்டுவிட்டுக் கேட்கட்டும்.

முதலில் பெட்டியைத் திறந்து உப்புத் தூசியைத் துடைத்தேன். பிராசசர் மேல் போட்டிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, புதுசாக ஒரு அரிசி மணி அளவு வைத்தேன். நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பழைய சந்தையில் உயரமான ஃபேன் ஒன்று கிடைத்தது. பவர் சப்ளை மட்டும் புதுசு. பழைய பவர் சப்ளையை நம்பி ஓவர்க்ளாக் செய்வது, அதாவது பிராசசரை அதன் அளவுக்கு மேல் ஓட்டுவது, ஓட்டைப் படகில் பெரிய மோட்டாரை மாட்டுகிற மாதிரி.

அப்புறம் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் வேகத்தை ஏற்ற ஆரம்பித்தேன். மூன்று புள்ளி மூன்று கிகாஹெர்ட்ஸில் ஓடுவதற்காகப் பிறந்த பிராசசர் அது. ஒரு நாளைக்கு ஒரு படிதான் ஏற்றுவேன். ஏற்றியதும் பிராசசரை வதைப்பதற்கென்றே இருக்கிற நிரலை ஓடவிட்டு, வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அதையும் உச்சிவெயில் நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் செய்வேன். கடல் காற்று வீசும்போது பாஸாவதெல்லாம் பாஸ் ஆகாது. எண்பது டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிடுவேன்.

இவருக்குப் பொறுமை இல்லை.

"இன்னைக்கே ரெண்டு படி ஏத்துனா என்ன திக்?"

"வெந்துடும்."

"நீ பொரிக்கிற சோயா தெம்பே மாதிரியா?"

"என் தெம்பே கருகுனா வேற தெம்பே வாங்கலாம். இது கருகுனா நீங்க காத்தாடிதான் விடணும்."

வேகம் ஏற ஏற ஃபேன் சத்தமும் ஏறியது. மத்தியானத்தில் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் எனக்குள் ஓடும். அரைத் தூக்கத்தில் எங்கள் தெருவே மெல்லத் தரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி இருக்கும். ஓடுகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கோழிகள், கொடியில் காய்கிற துணிகள், பக்கத்து வீட்டு சுத்தினாவின் வாழைமரம் எல்லாம் சேர்ந்து மேலே போகும். கீழே கடல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்திருக்கவே மனசு வராது.

நாலு புள்ளி ஒன்று வரைக்கும் முனகாமல் வந்தது. நாலு புள்ளி இரண்டு வைத்தபோது திரை நீலமாகி அணைந்தது. மறுபடி பட்டனை அழுத்தினேன். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினேன், அதே கதைதான். அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

பலகையில் இருந்த நாணயம் மாதிரி பேட்டரியைக் கழற்றினேன். அதைக் கழற்றினால் நான் ஏற்றிவைத்த வேகமெல்லாம் அதற்கு மறந்துவிடும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். பட்டனை அழுத்தினதும் கண் விழித்தது.

"எல்லாம் மறந்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் மறந்துடுச்சு. தான் எவ்வளவு சோம்பேறிங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு."

பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கிரேன்லயும் இப்படித்தான். எவ்வளவு தூக்கும்னு தெரிஞ்சவுடனே, அதுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் தூக்கணும்" என்றார். எனக்குத் தெரிந்ததை எனக்கே பாடம் எடுக்கிறார் பாருங்கள். நானும் அதைத்தான் செய்தேன். வோல்டேஜை ஒரு சிட்டிகை கூட்டிப் பார்த்ததில் நாலு புள்ளி இரண்டில் நின்றது, ஆனால் எண்பதைத் தாண்டியது. ஒரு படி பின்னால் வந்து நாலு புள்ளி ஒன்றில் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க வதைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆற்று வளைவில் படம் உறையவில்லை. மலை வழிவிட்டது. மரங்களின் மேல் விமானத்தின் நிழல் வழுக்கிக்கொண்டே போனது. எதிரே கண்ணுக்கு எட்டின தூரத்தில் பச்சைச் சரிவில் ஒரு மண்நிறக் கோடு, ஓடுதளம். அவர் விமானத்தைத் திருப்பிவிட்டார்.

"ஏன்? இறங்குங்களேன்!"

"விகாதி இருக்கும்போதுதான் எறங்குவேன். வீட்டுல ஆள் இல்லாதப்ப யாராச்சும் போவாங்களா?"

விகாதிக்கு போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில்தான். ஓடுதளத்து மேல்முனையில், காற்றின் திசை காட்டுகிற துணிப்பை கட்டின கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு எண்ணெய் பீப்பாய் மேல் ஏறி நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி நின்றுதான் எங்களோடு பேசுவாள். வருகிற ஞாயிறு மத்தியானம் அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டோம். "அப்ப வீட்டக் கூட்டி வைக்கிறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியை ஒட்டி வந்தது. காலையிலேயே ரோப் ஏறிவிட்டது. எனக்கு அதில் பயம் இல்லை. எங்கள் பிளக்கெல்லாம் தோள் உயரத்தில், பெட்டி சிமென்ட் பலகை மேல். வெப்பம், உப்பு, தூசி, வெயில் எல்லாவற்றையும் யோசித்தாயிற்று. அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடுகிற பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேலி செய்யவில்லை.

போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தேன். காற்று சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், நடுவில் விகாதி. அப்பாவை அவள் பாக் என்பாள்.

"பாக், எங்க வந்துட்டிருக்கீங்க?"

"ஆத்துக்கு மேல. தண்ணி காப்பி மாதிரி இருக்கு."

"ஆமா பாக், நேத்து இங்க மழை."

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கூரையில் தண்ணீர் வெளிச்சம் நெளிந்தது, திரையில் மேகம் நெளிந்தது, எது உள்ளே எது வெளியே என்று எனக்கே தெரியவில்லை. ஆறு வளைந்தது. படம் உறையவில்லை. மலைகள் இரண்டு பக்கமும் மெல்ல நகர்ந்தன. பிராசசர் வெப்பம் எழுபத்திரண்டு. தூரத்தில் மண்நிறக் கோடு தெரிந்தது, அதன் முனையில் நீலமாக ஒரு பொட்டு. அவர் முன்னால் குனிந்தார்.

"தெரியுது விகாதி. கூரை தெரியுது."

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு யூ சுத்தினா உள்ளே வந்தாள். யூ என்றால் அக்கா. அவள் வீட்டுத் தரை எங்கள் தரையை விடத் தாழ்வு. தண்ணீர் வந்துவிட்டால் அவள் பிளக்கெல்லாம் முழுகிவிடும். எங்கள் தெருவில், தண்ணீர் வருகிற நாளில் எந்த வீடு உயரமோ அந்த வீட்டுக் கரண்ட் எல்லாருக்கும் பொது. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுத்ததாகவும் நினைக்க மாட்டார்கள். சுத்தினா தலையைக் குனிந்து, ரைஸ் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாங்கள் ஏதோ முக்கியமான வேலையில் இருக்கிறோமே, தொந்தரவு செய்யக்கூடாது என்று சத்தமே போடாமல் சுவரோரமாக நடந்து போய், எப்போதும் சொருகுகிற பிளக்கில் சொருகினாள்.

எங்களுக்குக் கொடுத்திருக்கிற மின்சாரம் தொள்ளாயிரம் வாட் அளவுதான், அதைத் தாண்டினால் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். ஃபிரிட்ஜ், ஃபேன், இப்போது நான் ஊட்டி ஊட்டி வளர்த்த இந்தப் பிராசசர். நான் வதைத்துப் பார்த்த நாட்களிலெல்லாம் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராத நாளில் சுத்தினாவின் சோறு அவள் வீட்டிலேயே வெந்தது.

ஜெக்லெக். மீட்டர் பெட்டியில் சுவிட்ச் விழுகிற சத்தம். ஜாவாவில் கைக்குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். திரை கறுத்தது, ஃபேன் தேய்ந்து தேய்ந்து நின்றது.

"யூ! என்ன பண்ணித் தொலைச்ச!" என்று கத்தினேன். "ஜெக்லெக் ஆயிடுச்சு! இவரு எறங்கிட்டிருந்தாரு!"

"எங்கருந்து?" என்று திருதிருவென முழித்தாள் பாவம்.

தண்ணீரை அளைந்துகொண்டு மீட்டர் பெட்டிக்கு ஓடினேன். சுவிட்சைத் தூக்கினால் கரண்ட் வந்துவிடும். ஆனால் விமானம் பழைய இடத்தில் நிற்காது. மறுபடி சமவெளியிலிருந்து கிளம்ப வேண்டும். அதற்குள் மலையில் மேகம் இறங்கிவிடும், சிக்னல் போய்விடும். அடுத்த ஞாயிறு இந்தக் கண் எப்படி இருக்குமோ. கை சுவிட்சில் இருந்தது.

"விகாதி," என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை அவர் விடவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"விகாதி, மேகம் மூடிடுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல."

நான் கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கும். ஜெக்லெக் என்ற வார்த்தை அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி பாக்," என்றாள். குரல் கொஞ்சம் தடுமாறி நேரானது. "எனக்கு இங்கருந்து தெரியுது. நான் சொல்லச் சொல்ல வாங்க. வலது பக்கம் சர்ச் வரும். அதத் தாண்டினதும் லேசா இடது பக்கம் சாய்ங்க."

"சாய்ச்சுட்டேன்."

"இன்னும் கொஞ்சம். போதும். இப்ப நேரா வாங்க. கீழ சக்கரவள்ளித் தோட்டம். பொம்பளைங்க வேலைய விட்டுட்டு மேல பாக்குறாங்க."

"வேகத்தக் கொறைக்கவா?"

"கொறைங்க. பைலட்டுங்க எல்லாரும் இங்கதான் கொறைப்பாங்க, சத்தம் மாறும்."

அவர் வேகக் கம்பியைப் பின்னால் இழுத்தார். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. சுத்தினா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குக்கரைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். நான் அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். இன்னொரு கை சுவிட்சிலேயே இருந்தது. தூக்கவில்லை.

"ஓடுதளம் மேடு பாக். மூக்கத் தூக்குங்க. தூக்குங்க, தூக்குங்க. ஆ, சக்கரம் பட்டுடுச்சு. குலுங்கும், பயப்படாதீங்க, கல்லுதான்."

அவர் தோள் நிஜமாகவே குலுங்கியது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சு பாக். எம் பீப்பாய்க்குப் பக்கத்துலயே நின்னுடுச்சு. பொடிசுங்கெல்லாம் ஓடி வருதுங்க, கேக்குதா?"

கேட்டது. பிள்ளைகள் எதற்கோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"எறங்கிட்டாரா?" என்று சுத்தினா என் காதில் கிசுகிசுத்தாள். "எறங்கிட்டாரு" என்றேன். "அல்ஹம்துலில்லா" என்றாள். எந்த ஊரில், எதிலிருந்து என்று கேட்கவில்லை.

"நடந்து வாங்க பாக்," என்றாள் விகாதி. பீப்பாயிலிருந்து குதித்த சத்தம் வந்தது, குரல் விட்டு விட்டுக் கேட்டது. "இடது பக்கம். புல்லு ஈரமா இருக்கு, மெதுவா. வேலி. இப்ப மூணு படி. ஏறிட்டீங்களா? வாசலுக்கு வந்துட்டீங்க. கூட்டி வச்சிருக்கேன். உள்ள வாங்க."

அவர் கண்ணை மூடியிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மெல்ல, கழுத்தை மடக்கித் தலையைத் தாழ்த்தினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டிப் போனைப் பார்த்துக் கத்தினேன். "விகாதி! உங்கப்பா தலையக் குனியிறாருடி!"

சிக்னல் கரகரத்தது. போய்விட்டது என்றே நினைத்தேன்.

"குனிய வேணாம் பாக்," என்று அவள் குரல் வந்தது. "இங்க வாசல் உசரம்."

அவர் தலையை நிமிர்த்தினார். அப்புறம்தான் நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.